கார்டு செத்தால் கட்டளை சாகுமா?

தலைப்பைப் பார்த்து ஏதோ பேய்க்கதை என்று உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது வங்கிக் கார்டு பற்றிய சமாச்சாரம். ஆனால் எங்கள் வீட்டில் சில பேய்க்கதைகளை விட இது அதிகமாகப் பயமுறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

மாதாமாதம் நாம் கையே வைக்காமல் நம் கணக்கிலிருந்து பணம் போகிற இடங்கள் எத்தனை? விடுதியில் அறை நண்பனிடம் கேட்டேன். "எனக்கா? ஒண்ணுமே இல்லடா" என்றான். பத்து நிமிடம் துருவியதில் பாட்டுச் செயலி ஒன்று, படம் பார்க்க ஒன்று, போட்டோ சேமிக்க ஒன்று, எப்போதோ சேர்ந்த ஆங்கிலப் பயிற்சி ஒன்று என்று நான்கு கிடைத்தன. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாணவன் கதையே இப்படி என்றால் குடும்பம் நடத்துகிறவர்கள் கதை எப்படி இருக்கும்? இணைய இணைப்பு, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் என்று பட்டியல் நீளும்.

முதல் தடவை கார்டு எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, "இனிமேல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதி கொடுத்துவிடுகிறோம். வங்கிக்காரர்கள் இதை ஈ-மேண்டேட் என்கிறார்கள். பழைய பெயர் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது நிலையான கட்டளை. வேடிக்கை என்னவென்றால் கட்டளைதான் நிலையானது, அது நிற்கிற கார்டு நிலையில்லாதது. கார்டின் மேலேயே அதன் சாவு தேதியை மாதம், வருடம் போட்டு அச்சடித்துத்தான் தருகிறார்கள்.

காலாவதி வரைக்கும் அது தாங்கும் என்பதும் நிச்சயமில்லை. தொலைந்து போகலாம். யாராவது எண்ணைத் திருடிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வங்கியே முடக்கிவிட்டு வேறு தரும். மொத்தமாக மாறுவதும் உண்டு. காந்தப் பட்டை மட்டும் உள்ள கார்டுகளையெல்லாம் 2018 டிசம்பர் 31க்குள் சிப் வைத்த கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆகச் சேர்ந்தன. அலகாபாத் வங்கி நம்ம ஊர் இந்தியன் வங்கியோடு இணைந்தது அப்போதுதான். வங்கியின் பெயரே போய்விட்டால் பெயர் அச்சடித்த கார்டு மட்டும் எத்தனை நாள் இருக்கும்?

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை. அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தமாக வருடத்துக்குக் கட்ட முடியாது என்பதால் மாதத் தவணை, அப்பாவின் டெபிட் கார்டிலிருந்து தானாகப் போகும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு உடனே கிடைக்காது, காத்திருப்புக் காலம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் பாலிசியில் அது மூன்று வருடம். போன வருடம் இந்த விஷயம் நடந்தபோது இரண்டு வருடம் நான்கு மாதம் முடிந்திருந்தது.

அப்போது வங்கி அப்பாவின் கார்டை மாற்றியது. நாங்கள் கேட்கவில்லை. "உங்கள் கார்டு மேம்படுத்தப்படுகிறது" என்று ஒரு எஸ்எம்எஸ், ஒரு வாரத்தில் தபாலில் பளபளவென்று புதுக் கார்டு, கொஞ்ச நாளில் பழையது செல்லாது. அப்பா ஏடிஎம் போய்ப் பின் நம்பர் போட்டார், பணம் எடுத்தார், வேலை முடிந்தது என்று பழைய கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டார். வங்கி சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்த மனிதர்.

அடுத்த மாதம் தவணை போகவில்லை.

கண்டுபிடித்தது அம்மா. பணம் பிடிப்பதற்கு முதல் நாள் அப்பாவின் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். அம்மாதான் அதை வாசித்துச் சொல்வார். பதினோராம் நாள் இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே, "என்னங்க, இந்த மாசம் இன்சூரன்ஸ் மெசேஜே வரலியே?" என்றார். தேடிப் பார்த்தால் காப்பீட்டு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, ஏஜென்ட் பாலிசி போட்டபோது அவராகவே உருவாக்கிக் கொடுத்த ஒரு முகவரிக்கு. அதை எங்கள் வீட்டில் யாரும் திறந்ததே கிடையாது.

மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி அறுந்துவிடும். அறுந்தால் அந்த இரண்டு வருடம் நான்கு மாதமும் போச்சு, புதிதாகப் போட்டால் சர்க்கரைக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பணம் கணக்கில் இருக்கிறது. கட்டும் மனதும் இருக்கிறது. கம்பெனிக்கு வாங்கும் ஆசையும் இருக்கிறது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு மாறிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த நாள் அப்பா அரைநாள் விடுப்புப் போட்டு நேரில் போய்க் கட்டிவிட்டு வந்தார். தப்பித்தோம்.

அப்படியே வங்கிக் கிளைக்கும் போய்க் கேட்டிருக்கிறார். "சார், அது நீங்க அந்தக் கம்பெனியத்தான் கேக்கணும்" என்றார்களாம். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "உங்க பேங்க்ல கேளுங்க சார்". பந்து அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. யார் பெயரையும் இங்கே போட்டுத் திட்டுவதாக இல்லை. ஆனால் உண்மையில் யார் செய்ய வேண்டிய வேலை இது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில், நம் கார்டு எண் அந்தக் கம்பெனியிடம் இல்லவே இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் எந்த வணிக நிறுவனமும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் தருவார்களே, அதே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டோக்கனைக் கீழே போட்டு வேறொருவன் எடுத்தாலும் அடுத்த கோயிலில் போய்ச் செருப்பு வாங்க முடியாது. அதுபோல ஒரு கார்டுக்கு ஒரு கடையில் ஒரு டோக்கன். அந்தக் கடையின் தகவல்கள் திருடு போனாலும் திருடனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் டோக்கன் செருப்போடு கட்டியது. பழைய செருப்பு போய்ப் புதுச் செருப்பு வந்துவிட்டால் கையில் இருக்கும் டோக்கனுக்கு என்ன மரியாதை?

இரண்டாவது, தானாகப் பணம் பிடிப்பதற்கு என்று தனி விதிகள். ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் முதல் சுற்றறிக்கை விட்டது. ஓடிபி இல்லாமல் தானாகப் பிடிக்கக்கூடிய உச்சவரம்பு அப்போது 2,000 ரூபாய். பிறகு 2021 ஜனவரி முதல் 5,000, 2022 ஜூனில் 15,000. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ஆக்கினார்கள். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று வங்கி நமக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்த ஒரு தடவை மட்டும் நிறுத்தலாம், மொத்தமாகவும் நிறுத்தலாம். இதற்கெல்லாம் நம்மிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இரண்டு முறை தள்ளிப்போட்ட கெடு முடிந்து 2021 அக்டோபர் 1 அன்று இது முழுதாக அமலுக்கு வந்தபோது, தயாராகாத வங்கிகளின் கார்டுகளில் ஏகப்பட்ட சந்தாக்கள் ஒரே நாளில் நின்றன.

இந்த 24 மணி நேர எஸ்எம்எஸ் ஒரு அருமையான காவல்காரன். நம் பணத்தை யாராவது எடுக்க வந்தால் கத்துகிறான். ஆனால் எடுக்க வேண்டியவன் வராமல் போனால் அவன் கத்துவதில்லை. வந்த எஸ்எம்எஸ்ஸை எல்லோரும் பார்ப்போம். வராத எஸ்எம்எஸ்ஸைப் பார்க்க எங்கள் அம்மா மாதிரி ஒருவர் வேண்டும். எல்லா வீட்டிலும் இருப்பார்களா?

மூன்றாவதுதான் முக்கியம். அப்பாவை அலையவிட்ட கேள்விக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. 2021 செப்டம்பர் 7ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது: கார்டைப் புதுப்பித்தாலோ மாற்றிக் கொடுத்தாலோ, முன்பு எந்தெந்தக் கடைகளில் அந்தக் கார்டு பதிவாகியிருந்ததோ அவற்றோடு புதுக் கார்டை இணைக்கலாமா என்று கார்டு கொடுத்த வங்கி வாடிக்கையாளரிடம் வெளிப்படையான சம்மதம் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது வங்கி. பின் நம்பர் போடச் சொன்னவர்கள், புதுக் கார்டில் என்னென்ன தள்ளுபடி என்று நான்கு பக்கம் வண்ணக் காகிதம் அனுப்பியவர்கள், இந்த ஒரு கேள்வியை அப்பாவிடம் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 அக்டோபர் முதல், புதிதாக வரும் கார்டோ மாற்றி வரும் கார்டோ, உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையில் மெஷினில் செருகியும் மட்டும்தான் முதலில் வேலை செய்யும். இணையத்தில் பயன்படுத்த நாமே போய் அந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த விதி, குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கார்டில் அது திறந்துதானே இருந்தது? புதுக் கார்டை இன்சூரன்ஸில் பதிவு செய்யப் போனபோது முதல் தடவை மறுக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். அப்பா கார்டே பழுது என்று நினைத்துவிட்டார்.

இவ்வளவும் படித்துவிட்டு, "வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகனிடம் போனில் புலம்பினேன். அண்ணன் சிரித்தார். "உனக்கு வந்தது சாகக் கூடாதது செத்த கஷ்டம். எனக்கு வந்தது சாக வேண்டியது சாகாத கஷ்டம்டா" என்றார்.

அவர் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, மூன்று மாதத்தில் போவதை விட்டுவிட்டார். விலக வேண்டுமென்றால் நேரில் வா, கடிதம் கொடு என்றார்களாம். இதற்கிடையில் பர்ஸ் தொலைந்து கார்டு எண்ணே மாறியது. இனி அவர்களால் எடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அடுத்த மாதம் புதுக் கார்டில் அதே தொகை ஜம்மென்று வந்து நிற்கிறது!

மாயமில்லை. விசா நிறுவனத்தில் அக்கவுண்ட் அப்டேட்டர் என்றும் மாஸ்டர்கார்டில் ஆட்டோமேடிக் பில்லிங் அப்டேட்டர் என்றும் சேவைகள் இருக்கின்றன. வங்கி ஒருவருக்குப் புதுக் கார்டு கொடுத்தால் புது எண்ணையும் புதுக் காலாவதி தேதியையும் அந்த வலையமைப்பிடம் சொல்லிவிடும். சேவையில் சேர்ந்திருக்கும் கடைக்காரர் பணம் பிடிக்கும் முன் "இந்தக் கார்டு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டால் புது விவரம் கையில் கிடைக்கும். வாடிக்கையாளர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நடந்து முடிந்துவிடும். மின்கட்டணம் கட்டுகிறவருக்கு வரம். உடற்பயிற்சிக் கூடத்தை விட்டு ஓட நினைக்கிறவருக்குச் சாபம்.

சேருவது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. விதியை உருவாக்கிய நடைமுறை சரியில்லை என்று 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிரிட்டனில் கொஞ்சம் தேவலாம். கார்டிலிருந்து தொடர்ந்து பணம் எடுக்கும் அனுமதியை நாம் நேராக வங்கியிடமே சொல்லி ரத்து செய்யலாம், "கடைக்காரரைக் கேளுங்கள்" என்று வங்கி தட்டிக்கழிக்க முடியாது.

அண்ணன் கதையையும் எங்கள் வீட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஊர் முறை இங்கே இருந்திருந்தால் அம்மாவின் பாலிசி ஒரு நாளும் ஆடியிருக்காது. எங்கள் ஊர் முறை அங்கே இருந்திருந்தால் அவர் காசு தப்பியிருக்கும். இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான். கார்டையே அனுமதி என்று நினைத்துக்கொள்கிறோம். கார்டு வேறு, நாம் கொடுத்த அனுமதி வேறு. அப்பா கொடுத்த அனுமதி "என் மனைவியின் காப்பீட்டுக்கு மாதாமாதம் எடுத்துக்கொள்" என்பது. "2027 ஜூன் வரை செல்லும் இந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துக்கொள்" என்பதல்ல. அண்ணன் மனதுக்குள் ரத்து செய்த அனுமதி, கார்டு மாறியதால் ரத்தாகவும் இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு தோழி மறுத்தாள். "கார்டு எக்ஸ்பைரி ஆகறது நல்லதுதானே? தேவையில்லாததெல்லாம் தானா கழண்டுடும்." யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒப்பவில்லை. வெள்ளம் வந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போனது என்று சந்தோஷப்படுவது மாதிரி இருக்கிறது அது. வெள்ளத்துக்குக் குப்பை எது, ரேஷன் கார்டு எது என்று தெரியாது. படம் பார்க்கும் செயலி நின்றால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவோம். தினம் பயன்படுத்துகிற எதுவும் நின்றால் அதுவே கத்திக் கூப்பிடும். ஆனால் காப்பீடு என்பது பயன்படுத்தவே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டுகிற பணம். அது நின்றது ஆஸ்பத்திரிக் கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரியும். ஆகக்கூடி, எது நின்றால் அதிக நஷ்டமோ அதுதான் சத்தமில்லாமல் நிற்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, வங்கிச் செயலியில் இரண்டு பட்டியல்களைத் தேடிப் பாருங்கள். எந்தெந்தக் கடைகளில் உங்கள் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்பது ஒன்று, எங்கெல்லாம் தானாகப் பிடிக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. முதல் பட்டியலைக் காட்டுவதும் அதிலிருந்து நீக்க வழி தருவதும் வங்கியின் கடமை. செயலியில் இல்லாவிட்டால் கிளையிலோ போனிலோ கேட்கலாம். அம்மாவின் கார்டில் பார்த்தபோது ஒன்பது கடைகள் இருந்தன. அம்மாவுக்கு நினைவிருந்தது இரண்டு. மற்ற ஏழும் தம்பியின் உபயம் :-)

இரண்டு, புதுக் கார்டு வந்தால் பழையதை வெட்டும் முன்பு அந்தப் பட்டியல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதியதில் இணைய வசதியைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள்.

மூன்று, நிற்கவே கூடாத பணத்தைக் கார்டிலிருந்து எடுத்து வங்கிக் கணக்கோடு கட்டிவிடுங்கள். ஈ-நாச் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபே இருக்கிறது. கணக்குக்குக் காலாவதி தேதி கிடையாது. இதிலும் கவனம் வேண்டும், ஈ-நாச்சில் அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதம் பிடிக்கும். நாங்கள் அம்மாவின் தவணையை இப்படி மாற்றிவிட்டோம், தேதியையும் அப்பாவுக்குச் சம்பளம் வந்த மறுநாளுக்குத் தள்ளி வைத்தோம்.

நான்கு, நிறுத்த வேண்டியதை நிறுத்தச் சொல்லியே நிறுத்துங்கள். கார்டு சாகும், கூடவே அதுவும் போகும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐந்து, பாலிசியில் இருக்கும் போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். இன்னும் எத்தனை வீட்டுப் பாலிசிகள் ஏஜென்ட் உருவாக்கிய முகவரியில் தூங்குகின்றனவோ!

ஆனால் இதெல்லாம் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. செயலியில் மூன்று படி உள்ளே போய்ப் பட்டியல் தேட எனக்குத் தெரியும், நான் பொறியியல் படிக்கிறேன். காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குப் போய் இரவு வீடு திரும்பும் ஒருவர், வங்கி அனுப்பியதை நம்பிப் பழைய கார்டை வெட்டினார். அவர் செய்தது சரி. கார்டை மாற்ற முடிவெடுத்தது வங்கி. பட்டியல் கையில் இருப்பதும் வங்கியிடம். விதியும் வங்கியைத்தான் கேட்கச் சொல்கிறது. புதுக் கார்டு உறைக்குள் ஒரே ஒரு தாள், "ஐயா, உங்கள் பழைய கார்டில் இன்னின்ன தவணைகள் போய்க்கொண்டிருந்தன, தொடரட்டுமா?" என்று தமிழில். அதற்குக் கீழே ஆம், இல்லை. அந்த வண்ணக் காகிதத்தை விடச் செலவு குறைவாகத்தான் ஆகும். வேண்டுமானால் சிவகாசியில் அச்சடித்துக்கொள்ளட்டும், எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

உங்கள் பர்ஸில் இருக்கும் கார்டை எடுத்து அதில் போட்டிருக்கும் மாதத்தை ஒரு தடவை பாருங்கள். அந்த மாதம் உங்கள் வீட்டில் எதெல்லாம் சத்தமில்லாமல் நிற்கும் என்று இரவு சாப்பாட்டின்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் அநேகமாக உங்கள் அம்மாவாகத்தான் இருப்பார்.